வெந்த பிறகு புளிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிர், மோருக்குப் பதிலாக இட்லி, ஆப்பம் சாப்பிடலாம் என்ற குறிப்புகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. மாவு புளித்தால் எளிதில் செரிக்கும், உண்மைதான். ஆனால் இட்லிப் பானையில் ஆவி ஏறியதும் அந்த மாவைப் புளிக்கவைத்த லாக்டிக் பாக்டீரியாக்கள் செத்துவிடும். தயிரில் இருப்பதுபோல உயிருள்ள நுண்ணுயிர் வேண்டுமென்றால், பண்டம் வெந்து ஆறிய பிறகு புளிக்க வேண்டும். அல்லது வேகவைக்காமலே புளிக்க வேண்டும்.

முதல் வகைக்கு நீராகாரமே போதும். வடித்த சோற்றைப் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பகல் முழுக்க அடுப்படியில் கிடந்த சோறு ஆகாது. அதற்குள் பேசில்லஸ் சீரியஸ் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சை விட்டிருக்கலாம்; மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு பங்கு சோற்றுக்கு மூன்று பங்கு, கொதித்து ஆறிய தண்ணீர். முந்தின நாள் நீராகாரம் இரண்டு கரண்டி சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் பிடிக்கும். கோடையில் எட்டு மணி நேரம், மார்கழியில் பன்னிரண்டு. கம்பங்களியை உருண்டை பிடித்து இரவு தண்ணீரில் போட்டுக் காலையில் கரைப்பதும் இதே முறைதான். கடைக் கூழில் மோர் கலந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, வடநாட்டில் ஹோலி சமயத்தில் குடிக்கும் காஞ்சி என்ற புளிப்புப் பானம். அங்கே கறுப்புக் கேரட் போடுவார்கள். இங்கே ஊட்டி கேரட் 250 கிராம், பீட்ரூட் 100 கிராம் போதும். விரல் கனத்துக்கு நறுக்கி, கொதித்து ஆறிய தண்ணீர் ஒன்றரை லிட்டர், கல் உப்பு 25 கிராம், கொரகொரப்பாகப் பொடித்த கடுகு இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் ஊற்றி, வாயில் துணி கட்டி வையுங்கள். முதல் நாள் கடுகின் காரம் மூக்கில் ஏறும். இரண்டாம் நாள் குமிழி எழும்பும். மூன்றாம் நாள் காரம் தணிந்து நல்ல புளிப்பு நிற்கும்.

கெடுவது பெரும்பாலும் மிதக்கும் துண்டுகளால். தண்ணீருக்கு மேலே நிற்கும் துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். சிறு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள், தினமும் ஒருமுறை கிளறுங்கள். மேலே வெள்ளையாக மெல்லிய ஏடு படிந்தால் அது ஈஸ்ட், எடுத்துவிடலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போலப் பூத்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். கொழகொழப்பும் அழுகல் வாடையும் வந்தால் பெரும்பாலும் உப்பு குறைந்திருக்கும். புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாள் இருந்தால் 4.6-க்குக் கீழே வந்ததா என்று பார்த்துவிட்டுக் குடியுங்கள். பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடாதீர்கள்: பீட்ரூட்டின் சர்க்கரையிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

உப்புக்குப் பயந்து உப்பைக் குறைக்க வேண்டாம், குடிக்கும் அளவைக் குறையுங்கள். 100 மில்லி காஞ்சியில் சுமார் 1.3 கிராம் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ நாளுக்கு 5 கிராமுக்குள். அரை டம்ளருக்கு மேல் வேண்டாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்புப் போடாத நீராகாரமே நல்லது.

வீட்டு ஜாடியில் எந்த இனப் பாக்டீரியா, எத்தனை கோடி என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இவை இன்ன நோயைத் தீர்க்கும் என்று வெளியிடாதீர்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைக் குடிக்கக் கூடாது என்பதையும் செய்முறையோடு சேர்த்தே அச்சிடுங்கள்.

மனையியல் ஆசிரியை,
திண்டுக்கல்