கைப்பிரதி அச்சடிக்கும் முன்: சேகர (சபை வட்டார) நற்செய்திக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான குழுவினருக்கு,

ஸ்தோத்திரம். இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கிவிடலாம். ஆலய வாசலில் இது வணக்கம். எதிர்வீட்டுக்காரருக்கோ, கோயிலில் சொல்லும் துதி. ஒரே தெருவில் இரண்டு தமிழ்.

நற்செய்தி சொல்ல நாம் தெருவில் கொடுக்கும் கைப்பிரதிகளைத் திருத்துவதும், வீடு சந்திப்புக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் எங்கள் வேலை. பிரதிகள் பஸ் ஸ்டாண்ட் தரையில் மிதிபடுவதற்கு ஜனங்களின் மனக்கடினமே காரணம் என்று கமிட்டிகளில் பேசிக்கொள்கிறோம். பெரும்பாலும் காரணம் நாம் எழுதும் தமிழ்தான்.

‘ஐயோ பாவம்’ என்றால் தெருவில் இரக்கம். ‘நீ ஒரு பாவி’ என்றால் வசவு. முதல் வரியிலேயே திட்டு வாங்கியவர் ஏன் பக்கத்தைப் புரட்டப்போகிறார்? ‘ஆவி’ என்றால் பேய். ‘வேதம்’ என்றால் ரிக், யஜுர். ‘அபிஷேகம்’ என்றால் பால்குடம். ‘ஊழியர்’ தாலுகா ஆபீஸில் இருப்பவர். ‘வார்த்தை மாம்சமாகி’ என்று படித்தவருக்குக் கறிக்கடை நினைவுக்கு வந்தால் தப்பு அவருடையதல்ல.

சொல்லை மாற்றினால் சத்தியமே மாறிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் நம் வேதாகமத்தின் கதையையே பார்க்கலாம். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1715இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டில் கடவுளுக்குச் சொல் ‘சர்வேசுரன்’. அவருக்குப் பின் மொழிபெயர்த்த பப்ரீசியுஸுக்கு ‘பராபரன்’. 1871இல் முழுமையாக வந்த, ஹென்றி பவர் என்பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பில் ‘தேவன்’. 1995இன் திருவிவிலியத்தில் ‘கடவுள்’. அந்தப் பவர் மொழிபெயர்ப்பில்தான் 1 பேதுரு 3:15, விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல’ ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. அன்று உத்தரவு என்றால் பதில். இன்று கட்டளை. நம்மில் பலர் இன்றைய அர்த்தத்திலேயே சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதுவும் யாரும் கேட்காமலே!

ஆகவே, அச்சகத்துக்கு அனுப்பும் முன் ஒன்று செய்யுங்கள். ஆலயத்துக்கு வராத மூன்று பேரிடம் பிரதியையும் பேனாவையும் கொடுத்து, இடறிய சொல்லுக்கெல்லாம் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து கோடு தாண்டினால் திரும்ப எழுத வேண்டும். நடுவில் நீங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. பஸ்ஸில் வாசிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். ஏ4 தாளில் பாதியை ஒருமுறை மடித்தால் நாலு பக்கம். 250 சொல் போதும். எரிகிற நரகத்தின் படம் வேண்டாம். ஒரு சம்பவத்தை மட்டும் முழுசாகச் சொல்லுங்கள். லூக்கா 19ஆம் அதிகாரத்து வரிவசூல்காரர் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னதை, வட்டிக்கடைக்கு நடந்து தேய்ந்த தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்கட்டும். பெயரில்லாத தாள் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

வீடு சந்திப்பில் முக்கால் நேரம் கேளுங்கள். துக்க வீட்டில் பிரசங்கம் கூடாது. நாற்காலி எடுத்துப் போடுங்கள், காப்பி கொண்டுபோங்கள், அது போதும். ஆஸ்பத்திரி வார்டில், ‘உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நலம் விசாரித்துவிட்டு எழுந்துவிடுங்கள், முகம் சுளிக்காமல். சரி என்றால் அரை நிமிடம், தாழ்ந்த குரலில், அவர் பெயரையும் அவர் சொன்ன கவலையையும் சொல்லி ஜெபியுங்கள். ‘பிசாசின் கட்டுகளை முறியும்’ என்று அங்கே ஆரம்பித்தால், தங்கள் குலசாமியைத்தான் பிசாசு என்கிறீர்கள் என்று குடும்பமே புரிந்துகொள்ளும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆளை அன்றைக்கே குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். பெற்றோர் இல்லாத நேரத்தில் பிள்ளைகளிடம் பிரதி கொடுக்காதீர்கள்.

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்ப உரிமை தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் 1977இல் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கப்பட்டது. சட்டம் போய்விட்டது என்பதற்காக வெள்ள நிவாரண அரிசிப் பைக்குள் கைப்பிரதியைச் செருகலாமா? செருகினால் அரிசி கூலியாகிவிடும். வாங்குகிறவருக்கும் அது தெரியும்.

இன்னொன்று, பயிற்சி நோட்டுகளில் இல்லாதது. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் நிச்சயம் கேட்பார்: “உங்க சர்ச்லயும் சாதி பாக்குறாங்களாமே?” ‘கிறிஸ்துவுக்குள் பேதமில்லை’ என்று வசனத்துக்குப் பின்னால் ஒளியாதீர்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரையும் போடுகிறோம். சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் நடுவே சுவர் நிற்கிறது. அவர் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். “ஆமாக்கா, பாக்குறோம். அது தப்பு” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த கேள்வி இயேசுவைப் பற்றி வரும்.

இப்படிக்கு,
கைப்பிரதி திருத்துவோர்