கிளிப் கழற்றும் நாளிலேயே பல் அச்சையும் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல் கிளிப் கழற்றிய பிறகு, பல் பழைய இடத்துக்கு நகராமல் பிடிக்க மாட்டும் ரீட்டெய்னர் உடைந்துவிட்டால், நம் கடற்கரை ஊர்களில் புதியது கைக்கு வருவதற்குள் நாட்கள் ஓடிவிடுகின்றன. அளவு கொடுக்க ஒரு நடை, மாட்டிப் பார்க்க ஒரு நடை. கிளிப் போட்ட இடம் மதுரை என்றால் ராமேஸ்வரத்திலிருந்து போவதற்கே சுமார் 170 கிலோமீட்டர். பரீட்சை முடியட்டும், லீவு வரட்டும் என்று தள்ளிப்போடுவதும் உண்டு. அந்த இடைவெளியில் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்பதைப் பெரும்பாலும் யாரும் முன்கூட்டிச் சொல்லி அனுப்புவதில்லை.

பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் நார்கள் புதிய இடத்துக்குப் பழக மூன்று, நான்கு மாதம் ஆகும். ஈறுக்குள் இருக்கும், ரப்பர்போல் பின்னுக்கு இழுக்கும் மீள்நார்கள் அடங்க ஏறக்குறைய ஓராண்டு. திருகியிருந்து நேராக்கப்பட்ட பல்லும், இடைவெளி மூடப்பட்ட முன்பல்லும்தான் முதலில் பழைய இடத்துக்குக் கிளம்பும். ஆகவே கிளிப் கழற்றி மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளைக்கு இரண்டு, மூன்று நாளே அதிகம். பல வருடமாக இரவில் மட்டும் மாட்டுபவருக்கு ஒரு வாரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. டாக்டருக்கு போன் செய்யும்போது கிளிப் கழற்றிய தேதி, மேல்தாடையா கீழ்த்தாடையா, எந்த இடத்தில் உடைந்தது என்ற மூன்றையும் சொன்னால், எவ்வளவு அவசரம் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ரீட்டெய்னரை ஒரே பக்கமாக இழுத்துக் கழற்றும் பழக்கத்தால்தான் பல நேரம் விரிசல் விழுகிறது. கடைவாய்ப்பல் ஓரத்தில் சின்ன விரிசல், மாட்டினால் முழுதாக உட்காருகிறது என்றால், கூரான விளிம்பை நகம் தேய்க்கும் அரத்தால் மெல்லத் தேய்த்துவிட்டு, புதியது வரும்வரை போடலாம். விரிசல் குறுக்கே ஓடிவிட்டால் போடவே கூடாது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும்போது துண்டு பிரிந்து தொண்டைக்குள் போகலாம். இந்தப் பிளாஸ்டிக்கும், கம்பி வைத்த பிளேட் ரக ரீட்டெய்னர் செய்யும் அக்ரிலிக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. துண்டு காணாமல் போய் இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் பல் டாக்டரைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மீதித் துண்டுகளையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போனால், எவ்வளவு பெரிய துண்டு என்பதாவது அங்கே தெரியும்.

கம்பி வைத்த அக்ரிலிக் பிளேட் இரண்டாக உடைந்தால் பெரும்பாலும் லேப்பில் ஒட்டிவிடலாம். துண்டுகளைப் பொருத்தி, அடியில் பல் பிளாஸ்டர் மாவு ஊற்றிப் பிடித்துக்கொண்டு, உடைந்த இடத்தைக் கொஞ்சம் அகலப்படுத்திப் புது அக்ரிலிக் இடுவார்கள். வீட்டில் ஃபெவிக்விக் தடவிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். பசைப் படலத்தைச் சுரண்டும்போது துண்டுகளின் விளிம்பு தேய்ந்து, ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. மயிரிழை விலகி ஒட்டினாலும் பல்லைத் தப்பான பக்கம் தள்ளும். எச்சிலில் ஊறி அந்த ஒட்டும் மறுபடி விட்டுவிடும். வளைந்த கம்பியைக் கட்டிங் பிளேயரால் நிமிர்த்துவதும் வேண்டாம், மறுபடி வளைத்த இடத்தில்தான் அது முறியும். வெந்நீரில் போட்டு நிமிர்த்தப் பார்ப்பது, வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் வைப்பது இரண்டும் பிளாஸ்டிக் ரீட்டெய்னரை உருக்குலைத்துவிடும்.

பல்லின் உட்புறம் ஒட்டிய கம்பி வேறு ரகம். ஒரு பல்லில் மட்டும் பசை விட்டிருந்தால் வெளியே எதுவும் தெரியாது, அந்த ஒரு பல் மட்டும் சத்தமில்லாமல் நகரும். கம்பி முனை நாக்கைக் குத்தினால், அந்த இடத்தைப் பஞ்சால் ஒற்றி உலர்த்திவிட்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பல் மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அழுத்தி வைக்கலாம். பிய்த்து எடுக்கக் கூடாது. கீழக்கரைத் தொதல் இனிப்பையும் பனங்கிழங்கையும் அந்த நாட்களில் ஒதுக்கிவைப்பது நல்லது. தொதல் ஒட்டி இழுக்கும், கிழங்கின் நார் கம்பியில் சுற்றிக்கொள்ளும்.

பழைய ரீட்டெய்னரோ, கம்பிக்குப் பதில் அலைனர் என்னும் பிளாஸ்டிக் உறை போட்டுப் பல்லை நேராக்கியவர்களிடம் கடைசி செட்டோ இருந்தால் அதை மாட்டிப் பார்க்கலாம். கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் முழுதாக உட்கார்ந்தால், சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்கப் போடலாம். ஓரத்தில் இடைவெளி விட்டு நின்றால் கடித்து இறக்க வேண்டாம். கடையில் விற்கும், வெந்நீரில் நனைத்துக் கடிக்கும், விளையாடும்போது பல்லைக் காக்க மாட்டும் கார்டு இதற்கு மாற்றாகாது. இடைவெளியை மூட முன்பற்களில் ரப்பர் பேண்ட் மாட்டுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. பல்லின் வேர் கீழே ஒடுங்கிப் போவதால் ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறி, எலும்பைத் தின்று, நல்ல பல்லையே விழவைக்கும்.

அளவு கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். ஆல்ஜினேட் களிம்பில் பல்லைப் பதித்து எடுத்த அளவு காற்றுப்பட்டால் தண்ணீர் வற்றிச் சுருங்கும், தண்ணீரில் போட்டால் ஊதும். ஈரத்துணி சுற்றி மூடிய பையில் வைத்தாலும் சீக்கிரம் மாவு ஊற்றியாக வேண்டும். அதை அப்படியே பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பினால் வருகிற ரீட்டெய்னர் பல்லில் உட்காராது. இங்கேயே மாவு ஊற்றி, இறுகிய பல் அச்சை அனுப்பச் சொல்லுங்கள்.

மருத்துவர்களிடம் நான் கேட்பது இதுதான். கிளிப் கழற்றும் நாளில், ரீட்டெய்னர் செய்ய ஊற்றும் அச்சை, பெயரும் தேதியும் எழுதி, பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்திருந்தால் அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பல் நகராதவரை, வேக்யூம் மெஷின் இருக்கும் எந்தப் பல் கிளினிக்கும் அந்த அச்சின்மேல் ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இழுத்து, அன்றைக்கே கொடுத்துவிட முடியும். மதுரைக்கு அலைய வேண்டாம். முதல் நாளே ஒரே அச்சில் இரண்டு செய்து கொடுத்தால் இன்னும் நல்லது. அக்னி தீர்த்தத்தில் முங்கும்போதும், 22 தீர்த்தத்தில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றும்போதும் வாயிலிருந்து நழுவினால் திரும்பக் கிடைக்கிற பொருளா அது?

பெற்றோர்கள் அந்த அச்சைத் துணியில் சுற்றி, டப்பாவில், ஈரம் படாத மேல் அலமாரியில் வையுங்கள். அச்சிலுள்ள முன்பல் முனை பெயர்ந்துவிட்டால் அது உதவாது.

இப்படிக்கு,
பல் லேப் தொழில்நுட்பர் ஒருவர்,
மண்டபம்.