டெம்பியிலிருந்து முத்தையாவுக்கு

அன்புள்ள முத்தையா,

உன் மருமகன் போட்டோ எடுத்து அனுப்பிய கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முட்டிவலி கொஞ்சம் தேவலை என்று எழுதியிருந்தாய். அதற்காக மாடிப்படி ஏறத் தொடங்கிவிடாதே. இங்கே அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து டெம்பியில், மகள் வீட்டில் எல்லோரும் சுகம். பேத்தி சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

"டிரைவர் இல்லாம கார் ஓடுதாமே, நெசமா?" என்று கேட்டிருந்தாய். நெசம்தான். போன செவ்வாய்க்கிழமை நானே ஏறினேன். வேமோ என்று பெயர். வெள்ளை ஜாகுவார் கார், கூரைமேல் குண்டானைக் கவிழ்த்தது போல ஒரு கருவி. மகள் செல்போனில் கூப்பிட்டாள், வந்து நின்றது. பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டதும் கிளம்பிவிட்டது. என் கண் ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. யாரும் தொடாமல் அது இடதுபக்கம் ஒடிகிறது, மெதுவாக நேராகிறது. ஓரிடத்தில் குழந்தை வண்டியைப் பிடித்தபடி ஒரு பெண் ரோட்டில் கால் வைக்கலாமா என்று யோசித்து நின்றாள். அவள் காலெடுக்கும் முன்பே கார் நின்றது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய நீ எப்படி நிறுத்துவாயோ அப்படி, குலுங்காமல். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் மில் அவென்யூ பக்கம் திரும்பியதும் மனசு கனத்துவிட்டது. 2018 மார்ச் 18 ராத்திரி பத்து மணி வாக்கில், ஊபர் சோதனைக்கு விட்டிருந்த தானியங்கிக் கார் அந்த ரோட்டில்தான் ஒரு பெண்ணை அடித்துக் கொன்றது. 49 வயது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே நடந்தார். இப்படிப்பட்ட கார் மோதி நடந்துபோனவர் ஒருவர் இறந்தது அதுதான் முதல் தடவை. அந்த விசாரணையில் வெளிவந்ததை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். மோட்டார் விபத்து வழக்கு நடத்தியே தலை நரைத்தவன் நான், ஆனாலும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மோதுவதற்கு 5.6 வினாடி முன்பே காரின் ரேடார் கருவி அவரைப் பார்த்துவிட்டது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அது நூறு மீட்டருக்கு மேல். நீயாக இருந்தால் ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்து, அவரைப் போக விட்டிருப்பாய். எந்திரம் அவரை வண்டி என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது. பெயரை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அவர் அதுவரை நகர்ந்துவந்த தடத்தை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. கோடு போடாத இடத்திலும் மனிதர்கள் ரோட்டைக் கடப்பார்கள் என்று அதற்குச் சொல்லியே கொடுக்கவில்லை, முத்தையா. நம்மூரில் கோடு பார்த்துக் கடந்தவர் யார்? 1.2 வினாடி மிச்சமிருக்கும்போதுதான் ஆபத்து என்று கண்டது. கண்ட பிறகும் ஒரு வினாடி பேசாமல் இருந்தது. அநாவசியமாகப் பிரேக் போட்டுவிடக் கூடாது என்று அப்படி அமைத்திருந்தார்கள். வால்வோ அந்தக் காரில் வைத்திருந்த அவசர பிரேக்கும், எந்திரம் ஓட்டும் நேரத்தில் வேலை செய்யாதபடி நிறுத்தப்பட்டிருந்தது.

படித்தவர்கள் இந்தக் கார்களைப் பற்றி வேறு கேள்வி கேட்கிறார்கள். தப்பிக்க வழியே இல்லையென்றால் கிழவரை இடிப்பதா, குழந்தையை இடிப்பதா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையத்தில் கேட்டு 4 கோடி பதில் சேர்த்தது. ஜெர்மனி அரசு அமைத்த குழு 2017-லேயே, வயதையோ ஆணா பெண்ணா என்பதையோ வைத்து உயிரைத் தரம் பிரிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டது. எனக்கும் அதுதான் சரி. ஆனால் என் மனசு அந்த ஒரு வினாடியில்தான் நிற்கிறது. அது ரோட்டில் முடிவானதல்ல. என்றைக்கோ ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்தது.

தண்டனை யாருக்கு? சோதனைக்காக ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு. அவர் செல்போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார், அது பெரிய தப்பு. 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. கம்பெனி மேல் கிரிமினல் வழக்குக்கு இடமில்லை என்று அரசு வக்கீல் 2019-லேயே சொல்லிவிட்டார். முதலில் ஒரு சோதனைக் காரில் கண்காணிக்க இரண்டு பேர் போனார்கள். அதை ஒருவராகக் குறைத்தது கம்பெனி.

இதைப் படிக்கும்போது உன் முகம்தான் வந்தது. "பிரேக் லேட்டாப் பிடிக்குது, ரெண்டு தடவை மிதிக்க வேண்டியிருக்கு" என்று டிப்போ பதிவேட்டில் எழுதி வைத்தாய். மறுநாள் காலை அதே வண்டியைத்தான் கொடுத்தார்கள். அந்த வண்டி மோதி ஒரு பையனுக்குக் கால் போனது. நஷ்டஈடு கட்டாததால் பஸ் ஜப்தியானது. அது பணத்தோடு போயிற்று. கோர்ட்டுக் கூண்டில் அஞ்சு வருஷம் ஏறி இறங்கியது நீ மட்டும்தான். வண்டியை வெளியே விட்டவன் ஒருநாள்கூட வரவில்லை.

அதனால்தான் பிரிட்டனில் 2024-ல் கொண்டுவந்த சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. எந்திரம் ஓட்டும் நேரத்தில் கார் ஓட்டப்பட்ட விதத்துக்கு உள்ளே இருப்பவர் குற்றவாளி ஆகமாட்டார். அந்தக் காருக்கு அனுமதி வாங்கிய நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். பாதுகாப்பு விவரத்தை மறைத்தால் மேலதிகாரிகள் மேலேயும் வழக்குப் போடலாம். மறைப்பார்கள் என்பது வீண்பயம் இல்லை. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் க்ரூஸ் கம்பெனியின் டிரைவர் இல்லாத கார், வேறொரு கார் அடித்துத் தள்ளிய பெண்மேல் ஏறி, அவரை இருபது அடி இழுத்துக்கொண்டு போனது. இழுத்ததைச் சொல்லாமல் பொய் அறிக்கை கொடுத்ததைப் பிறகு கம்பெனியே ஒப்புக்கொண்டு, 5 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது.

மருமகனுக்குப் பிழைப்பு போய்விடுமோ என்று பயப்படுகிறாய். டிரைவர்கள் வேலை போகும் என்பதால் இந்தியாவில் இந்தக் கார்களை விடமாட்டேன் என்று மத்திய அமைச்சர் கட்கரி சொல்லியிருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று எனக்குச் சந்தேகம்தான். வருவதற்கு முன்பே பொறுப்பு யாருடையது என்று சட்டத்தில் எழுதியாக வேண்டும். ஊருக்கு வந்ததும் பார் அசோசியேஷனில் இதைப் பேசப் போகிறேன்.

பங்குனியில் வந்துவிடுவேன். நீ பிரேக் பற்றி எழுதிய அந்தப் பக்கத்தின் நகல் என் பழைய கேஸ் கட்டில் இருக்கிறது. பேச்சில் அதைக் காட்டலாமா? உனக்குச் சம்மதம் என்றால் மட்டும் எடுக்கிறேன்.

அன்புடன்,
ராஜு