பெரியப்பாவுக்கு, டச் ஸ்கிரீன் விஷயமாக

அன்புள்ள பெரியப்பா,

இதை அக்காதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். அக்கா, நிதானமாகப் படி. நடுவில் உன் கருத்தைச் சேர்க்காதே.

வெளிவராத போன்களைக் கம்பெனிகளிடமிருந்து முன்கூட்டியே வாங்கி, வீடியோவில் 'முதல் பார்வை' சொல்லும் வேலையை விட்டுவிட்டேன். நேற்று எல்லாருக்கும் மெயில் போட்டாயிற்று. இனி கடைக்கு வந்த போனை என் காசில் வாங்கி, கொஞ்ச நாள் புழங்கிப் பார்த்துத்தான் பேசுவேன். அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அது நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிற விஷயமில்லை, போனில் சொல்கிறேன்.

இதற்குக் காரணம் நீங்கள்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் அந்த ஜனவரி ராத்திரிதான் வந்து வந்து நிற்கிறது.

அந்த போனின் பெயரை இப்போதும் சொல்லப் போவதில்லை. கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது. வீட்டு ஆட்களுக்குக்கூடக் காட்டக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. ஆகவே நான் இங்கே சொல்வது என் பெரியப்பா கனவில் பார்த்த ஒரு போன் என்று சம்பந்தப்பட்டவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

வெளியே உறைபனி. நீங்கள் மங்கி குல்லாவோடு கரி அடுப்புப் பக்கத்தில். கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் போனை வாங்கினீர்கள், அது மட்டும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஸ்கிரீனை நீங்கள் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தை ஓரமாக ஓட்டினீர்கள். மேலே போய், வளைந்து, கீழே வந்து, இடது மூலைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, "இங்க கண்ணாடி தூக்கியிருக்குடா" என்றீர்கள். நான் லைட் போட்டு, ஜூம் பண்ணி, எல்லாப் பக்கமும் படம் எடுத்த போன் அது. எனக்கு எதுவும் தெரியவில்லை. நகத்தை அதே இடத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு முடி கனத்துக்கு இடறியது.

உங்களைத் தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்காக நாலு வரி. பெரியப்பா ஊட்டி இந்து நகரில், ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஃபேக்டரியில் இருட்டறை வேலை பார்த்தவர். 'இந்து' என்று பெட்டியில் அச்சடித்து வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் அங்கே செய்ததுதான். எல்லா நிற வெளிச்சத்துக்கும் கூசுகிற ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்குகூட ஆகாது, கும்மிருட்டில்தான் தொட வேண்டும். எந்தப் பக்கம் மருந்து பூசியது என்று சந்தேகம் வந்தால் ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். மருந்துப் பக்கம் லேசாக ஒட்டும்.

அப்படிப்பட்ட கையால் அக்காவுக்கு ஒரு போன் போட முடியவில்லை.

ஒன்பதைத் தொட்டீர்கள், விழவில்லை. அழுத்தினீர்கள், விழவில்லை. விரலை ஸ்வெட்டரில் துடைத்துவிட்டு மறுபடி. பிறகு எட்டு மட்டும் இரண்டு தடவை விழுந்தது. "ரேகை தேஞ்சு போச்சு, ரேஷன் கடை மிஷின்லயும் இதே கதைதான்" என்று சிரித்தீர்கள். நான் போனை உங்கள் கையிலிருந்து வாங்கி, நம்பரை நானே அடித்து, உங்கள் காதில் வைத்தேன்.

வாங்கினேன் என்பதைவிடப் பிடுங்கினேன் என்பதே சரி. மன்னித்துவிடுங்கள். அதே சமயம், அது என் சொத்தில்லை, கீறல் விழுந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும், மறுநாள் காலை திருப்பி அனுப்ப வேண்டும். நீங்களோ நகத்தால் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அப்போதே காரணத்தைச் சொல்லியிருக்கலாம், "எனக்குப் பாடம் எடுக்காதே" என்பீர்களே என்று விட்டுவிட்டேன். இப்போது கேளுங்கள். இந்தக் கண்ணாடிக்கு அழுத்தம் தெரியாது. அடியில் இண்டியம் டின் ஆக்சைடு மாதிரி, கண்ணுக்குத் தெரியாத, மின்சாரம் கடத்துகிற பூச்சு வலை மாதிரி ஓடுகிறது. விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்தில் மின்னேற்றம் கொஞ்சம் மாறும், போன் அதைத்தான் எண்ணுகிறது. தோல் தடித்து, குளிரில் காய்ந்து வெடித்துக் கிடந்தால் மாற்றம் மிகக் கம்மியாகப் போய்ச் சேரும். கம்பளிக் கையுறை போட்டால் அதுவும் இல்லை. அதுவே பனித்துளி விழுந்தால், தொடாமலே தொட்டதாக எண்ணிக்கொள்ளும். 2008-ல் நோக்கியா காட்டிய 5800 அழுத்தினால் வேலை செய்கிற வகை. குச்சியால் குத்தலாம், கையுறையோடும் குத்தலாம். அதைத்தான் நாங்களெல்லாம் பழசு என்று ஒதுக்கினோம்.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபோனைத் தூக்கிக் காட்டினார். அமெரிக்கக் கடைக்கே அது வந்தது ஜூன் 29. நடுவில் அஞ்சு மாசத்துக்கு மேல், தொட்டே பார்க்காத ஒரு போனைப் பற்றித்தான் எல்லாரும் சண்டை போட்டோம். ஸ்கிரீனைத் தொடக் குச்சி எதற்கு, பிறக்கும்போதே பத்து விரலோடு பிறக்கிறோமே என்ற மாதிரி அவர் பேசியது எனக்கு வேதவாக்கு. பட்டன் இல்லாமல் எப்படி என்று கேட்டவர்களைக் கிழவர்கள் என்றேன். பத்து விரலும் ஒரே மாதிரி தேய்வதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நீங்கள் நகம் ஓட்டிய அந்த போனைப் பற்றிய என் வீடியோவில் 'டச் ரெஸ்பான்ஸ் வெண்ணெய் மாதிரி' என்று சொன்னேன். பொய்யில்லை, என் விரலுக்கு அப்படித்தான் இருந்தது. இந்த வேலையில் கூடவே ஒரு தாள் வரும், என்னென்ன பேசலாம் என்று. நிறம், எடை, எத்தனை கேமரா. குறை ஏதாவது சொன்னால் 'இது இறுதி மென்பொருள் இல்லை, அப்டேட்டில் சரியாகிவிடும்' என்று பதில் வரும். கண்ணாடி தூக்கியிருந்ததை எழுதி அனுப்பினேன், நன்றி என்று மட்டும் வந்தது. வெளிவந்த பிறகு ஒரு கடையில் அதே மூலையை நகத்தால் இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர் முறைத்தார்.

சரி, என் பக்கமும் சொல்கிறேன். குன்னூர் கல்யாணத்தில் சம்பந்திகள் முன்னால் "இவன் பெட்டி பிரிக்கிற வேலை பார்க்கிறான்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த வேலையில்தான் தங்கைக்கு ஃபீஸ் கட்டினேன் என்பது உங்களுக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னீர்கள். இருட்டில் ஃபிலிமைத் தொட்டால் அது திறமை, நான் போனைத் தொட்டால் அது பெட்டி பிரிக்கிறதா? (அக்கா, இந்தப் பத்தியை விட்டுவிடு. இல்லை, படி.)

உங்கள் நோக்கியா 1100-ஐ இனி கேலி பண்ணமாட்டேன். 2003-ல் வந்தது, 25 கோடிக்கு மேல் விற்றது, அஞ்சாம் பட்டனில் ஒரு மேடு. அதை வைத்தே மிச்ச எண்ணெல்லாம் உங்கள் விரலுக்குத் தெரியும். C-யை அழுத்திப் பிடித்தால் டார்ச். கரண்ட் போன ராத்திரியில் நான் என் போனில் டார்ச் எங்கே என்று தேடி முடிப்பதற்குள் நீங்கள் தாழ்வாரத்துக்குப் போய்விடுவீர்கள்.

அக்கா, பெரியப்பா கோயமுத்தூர் வந்ததும் நீ அவருக்கு வாங்கிக்கொடுத்த புது போனில் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குள் போய்ப் பார். டச் சென்சிட்டிவிட்டி என்று இருந்தால் ஆன் பண்ணு. டாக்பேக்கும் போட்டுவிடு, விரல் எதன் மேல் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும். முதல் ரெண்டு நாள் திட்டுவார். திட்டட்டும், விரலுக்கு வாசலின் தடவிவிடு.

பெரியப்பா, பொங்கல் கழிந்து ஊட்டி வீட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அக்கா சொன்னாள். நான் வண்டி எடுத்து வருகிறேன். உங்களுக்கு முன்சீட். வழியில் பெட்டி பிரிக்கிற பேச்சு வந்தால் பர்லியாறில் இறக்கிவிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.