சார்ஜர் கேட்டால் கேள்வி கேட்கிறோம், ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதத்திலிருந்து நம் கடைக்கு வந்து "வேனுக்கு ஒரு லெஷர் பேட்டரி சார்ஜர் கொடுங்க" என்று கேட்டால், உடனே எடுத்துத் தர மாட்டோம். வேனில் தங்கிப் பயணம் போகும்போது ஃபிரிட்ஜ், குக்கர் ஓடப் பின்னால் வைக்கும் இரண்டாவது பேட்டரிதான் லெஷர் பேட்டரி. வேன் எந்த வருடத்தியது, பின்னால் வைக்கப்போகும் பேட்டரி ஈயமா லித்தியமா, வேனின் சொந்த பேட்டரியான முன் பேட்டரியிலிருந்து அதுவரை எத்தனை மீட்டர் வயர் ஓட வேண்டும் என்று முதலில் கேட்போம். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது என்று தெரியும். லண்டன் நெரிசலில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவரிடம் கேள்வி கேட்டு நிறுத்தினால் எரிச்சல் வரத்தான் செய்யும். அதனால்தான் காரணத்தை விளக்கி எழுதுகிறோம்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். கடை தொடங்கிய புதிதில் நாங்களே ஒரு கிட் கட்டி விற்றோம். என்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் தானாக இணைக்கும் சுவிட்சான ஒரு ரிலே, ஆறு மீட்டர் சிவப்பு வயர், ஒரு ஃபியூஸ். ஃபியூஸ் ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் தவறு.

வேனின் சொந்த பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் போட்டால் போதும் என்று அன்று நினைத்தோம். வீட்டில் மின்சாரம் ஒரு பக்கமிருந்துதான் வருகிறது, அந்தப் பழக்கம். ஆனால் இந்த வயருக்கு இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால், முன் ஃபியூஸ் போய்விடும், முன் பேட்டரி தப்பித்துவிடும். பின் பேட்டரி மட்டும் தன்னிடம் உள்ளதையெல்லாம் அந்த வயரில் கொட்டிக்கொண்டே இருக்கும். நூறு ஆம்ப்-அவர் பேட்டரி ஒன்று ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்ப் பாயும். வயர் ஹீட்டர் கம்பி மாதிரி பழுத்துவிடும்.

போன குளிர்காலத்தில் ஒரு வாடிக்கையாளர் அப்படிப்பட்ட வயரைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலுள்ள தகரத் தடுப்பில் துளை போட்டு, ரப்பர் வளையம் மாட்டாமல் வயரை நுழைத்திருந்தார். அந்தத் துளையிலிருந்து பின் பேட்டரிவரை தோல் முழுவதும் உருகிப்போய், பக்கத்துப் பிளைவுட் கரியாகியிருந்தது. அன்றைக்கு அவரும் பிள்ளைகளும் வேனில் தூங்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வயிறு கலங்குகிறது.

அந்தக் கிட் வாங்கியவர்கள் தயவுசெய்து வாருங்கள். பில் தேவையில்லை. பின் பேட்டரிக்கான ஃபியூஸும் ஹோல்டரும் இலவசமாகத் தந்து, நாங்களே மாட்டியும் கொடுக்கிறோம். பிளஸ் முனையிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்குள் அது உட்கார வேண்டும். நீங்கள் வரும்வரை, பின் பேட்டரியின் பிளஸ் முனைக்கு வரும் அந்த வயரைக் கழற்றி, நுனியை டேப் சுற்றி வையுங்கள்.

சரி, இனி கேள்விகளுக்கு வருவோம்.

வருடத்தைக் கேட்பது ஆல்டர்னேட்டருக்காக, அதாவது என்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஜெனரேட்டருக்காக. பழைய வேன்களில் என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ரிலே அதைப் பார்த்து இரண்டு பேட்டரியையும் இணைத்துவிடும். குறை இருந்தாலும் வேலை நடக்கும். யூரோ 6 என்ற வாகனப் புகை விதி வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. கொஞ்சம் பெரிய வேன்களுக்கு 2016 செப்டம்பரிலிருந்து புதுப் பதிவுக்கு அது கட்டாயம். அந்தத் தலைமுறை வேன்கள் பெரும்பாலானவற்றில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த, முன் பேட்டரி போதும் என்றானதும் வோல்டேஜை 12 சொச்சத்துக்கு இறக்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது 15 வரை ஏற்றும். ரிலேவுக்கு இது புரியாது, நடுவழியில் துண்டித்துவிடும். கார்ன்வாலுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டிப் போயும் பேட்டரி பாதிகூட ஏறவில்லை என்று வருகிறவர்களில் பலருடைய கதை இதுதான்.

இந்த வேன்களுக்கு பேட்டரி டு பேட்டரி சார்ஜர்தான் சரி. பி டு பி என்று சொல்கிறோமே, அது. உள்ளே வருவது 12 ஆனாலும் 15 ஆனாலும், பின் பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜைத் தானே செய்து கொடுக்கும். அதிலுள்ள மெல்லிய இக்னிஷன் வயரைப் பலர் மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள். என்ஜின் ஓடுகிறது என்பதை சார்ஜர் தெரிந்துகொள்வதே அந்த வயரால்தான். அதை விட்டுவிட்டு, சார்ஜர் எப்போதும் ஓடும்படி அதன் ஆன்-ஆஃப் முனைகள் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால், நின்ற வண்டியின் பேட்டரியிலிருந்தும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

இந்தப் புது வேன்களின் மைனஸ் முனையில், பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் அளக்கும் ஒரு சின்ன சென்சார் இருக்கும். உங்கள் மைனஸ் வயரை அதன் மேல், பேட்டரி முனையிலேயே மாட்டாதீர்கள். சென்சாரைத் தாண்டி, வேனின் இரும்பு உடலோடு சேரும் சேசிஸ் எர்த் இடத்தில் மாட்டுங்கள். இல்லையென்றால் வேனின் கணக்கே தப்பிவிடும்.

பேட்டரியின் வகை கேட்பது சார்ஜரின் செட்டிங்குக்காக. ஏஜிஎம் என்ற மூடிய வகை ஈய பேட்டரிக்கு 14.4 முதல் 14.7 வோல்ட் வரை ஏற்றி, அப்புறம் 13.6 அளவில் தாங்கிப் பிடிக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு 14.2 முதல் 14.6 போதும். அதற்கு நாள்கணக்காகத் தாங்கிப் பிடிப்பது தேவையில்லை. ஈய பேட்டரிக்கென்று சில சார்ஜர்கள் உப்புப் படிவைக் கரைக்க 15 வோல்ட்டுக்கு மேல் அடிக்கும். அதை லித்தியத்தில் செய்யக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்ததும் எந்த செட்டிங்கில் இருக்கிறது என்று பார்க்காமல் மாட்டாதீர்கள்.

லித்தியத்தில் இன்னொரு விஷயம் குளிர். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஸ்காட்லாந்துக்கு டிசம்பரில் போகிறவர்கள், குளிரில் சார்ஜைத் தானே துண்டிக்கும் வசதி தங்கள் பேட்டரியில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரியை ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் வைப்பதும் உதவும். திறந்த வகை ஈய பேட்டரியை உள்ளே வைத்தால் மட்டும், அதன் வாயுவை வெளியே விடும் குழாய் கட்டாயம். சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன்.

மூன்றாவது கேள்விதான் எங்களுக்கு முக்கியமானது. எத்தனை மீட்டர்?

30 ஆம்ப் சார்ஜர் என்றால் 30 ஆம்ப் வயர் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியே போவது 30 ஆம்ப், 14.4 வோல்ட். அதாவது 432 வாட். உள்ளே வருவது 12.5 வோல்ட், நூற்றுக்குப் பத்து சூடாகப் போகிறது என்றால், முன் பேட்டரியிலிருந்து வரும் வயரில் ஓடுவது கிட்டத்தட்ட 40 ஆம்ப். தூரம் ஆறு மீட்டர் என்றால் போக ஆறு, வர ஆறு, மொத்தம் பன்னிரண்டு மீட்டர் செம்பு. 6 ஸ்கொயர் எம்எம் வயரில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 10 போட்டால் 0.84. 16 போட்டால் அரை வோல்ட்தான். ஒன்றரை வோல்ட் குறைந்தால் சார்ஜர், முன் பேட்டரி காலியாகிவிட்டது என்று நினைத்து நின்றுவிடும். நின்றதும் வோல்டேஜ் மீண்டும் ஏறும், திரும்ப ஓடும், திரும்ப நிற்கும். "சார்ஜர் பழுது" என்று திருப்பிக் கொண்டுவந்தவற்றில் பாதிக்கு மேல் எங்கள் மேசையில் ஒழுங்காக ஓடின. பழுது வயரில் இருந்தது.

அதனால் ஆறு மீட்டருக்கு 16க்குக் குறையாமல் போடச் சொல்கிறோம். சார்ஜரைப் பின் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு மீட்டருக்குள் வையுங்கள். நீண்ட ஓட்டம் உள்ளே வரும் பக்கம் இருக்கட்டும், அங்கே குறைவதை சார்ஜரே ஈடுகட்டும். பேட்டரிக்குப் போகும் பக்கம் குறைந்தால் பேட்டரி என்றைக்குமே நிறையாது. நிறையாத ஈய பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். டிரான்சிட் கஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம், பேட்டரி பெரும்பாலும் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். வோக்ஸ்வாகன் டி5, டி6 என்றால் அது பானட்டுக்குள், வயர் நீளும்.

ஃபியூஸ் காப்பது வயரை. வயர் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டால் அது இருந்தும் பயனில்லை. 30 ஆம்ப் பி டு பி சார்ஜருக்குக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவை, பெரும்பாலும் 50 அல்லது 60 ஆம்ப், இரண்டு முனையிலும் போடுங்கள். வயர் நுனியில் மாட்டும் உலோக வளையங்களை, அதாவது லக்குகளை, ஹைட்ராலிக் கருவியால் அழுத்துங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக்கை எங்களிடம் காட்டினால் வெட்டிவிட்டு மறுபடி அழுத்தித் தருவோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கருவியை வார இறுதிக்கு இரவல் தருகிறோம். சார்ஜரை அலமாரிக்குள் மூடிவைக்காதீர்கள். பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு அதிலிருந்து வரும், காற்று வேண்டும்.

முகாம் இடத்தில் நீல நிற 16 ஆம்ப் பிளக்கில் செருகி ஏற்றும் மெயின்ஸ் சார்ஜர் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம், ஏனென்றால் அந்த 230 வோல்ட் வேலையை நீங்களே செய்ய வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பிரிட்டனின் பி.எஸ். 7671 வயரிங் விதிகளில் 721ஆம் பிரிவு கேரவனுக்கும் கேம்பருக்கும் உரியது. அது தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.டி.யை அவர் போட்டிருக்கிறாரா, அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் எம்.சி.பி. லைவ், நியூட்ரல் இரண்டு முனையையும் துண்டிக்கும் வகையா என்று மட்டும் பாருங்கள். பிரான்ஸ் பக்கம் போனால் லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும் பிளக்குகள் உண்டு, ஒரு முனை மட்டும் துண்டித்தால் போதாது. வீட்டுச் சுவருக்குள் போடும் திடக்கம்பி வயர் மிச்சம் இருக்கிறது என்று கொண்டுவராதீர்கள். ஓடும் வண்டியின் அதிர்வில் அது உள்ளே ஒடியும். பல இழை கொண்ட வயர்தான் வேண்டும். வேனின் உடலும் மெயின்ஸ் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

எத்தனை ஆம்ப் சார்ஜர் வாங்குவது என்று கேட்பவர்களிடம், வேனில் என்ன சமைக்கப்போகிறீர்கள் என்று கேட்கிறோம். நம்மவர்கள் பலர் ரைஸ் குக்கரோடுதான் கிளம்புகிறார்கள். 500 வாட் குக்கர் இன்வெர்டர் வழியாக 45 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். அரை மணி நேரச் சோறு 22 ஆம்ப்-அவர். 30 ஆம்ப் சார்ஜர் அதைத் திருப்பித்தர முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். ஃபிரிட்ஜுக்கு இன்னொரு பங்கு. நூறு ஆம்ப்-அவர் ஈய பேட்டரியில் நீங்கள் நம்பிப் பயன்படுத்தக்கூடியது ஐம்பதுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோற்றை கேஸில் வைத்தால் பாதிப் பணம் மிச்சம் என்று சிலரிடம் சொல்லி, விற்பனையை இழந்திருக்கிறோம். பரவாயில்லை.

வரும்போது முன் பேட்டரி, பின் பேட்டரி வைக்கப்போகும் இடம், வயர் போகும் வழி மூன்றையும் போனில் படம் எடுத்து வாருங்கள். நீளத்தை ஒரு கயிறு வைத்து, வளைவுகளோடு அளந்து, அந்தக் கயிற்றையே கொண்டுவந்தாலும் போதும். பழைய கிட் வாங்கியவர்கள் சனிக்கிழமை காலையில் வேனோடு வந்தால் வரிசையில் நிற்க வேண்டாம், நேராக உள்ளே வாருங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து