ஓக் காட்டுக் கம்பளிப்புழுவில் புது ஒட்டுண்ணியா?

அன்புள்ள செல்வம்,

மடலும் படங்களும் கிடைத்தன. ஆஸ்திரிய ஓக் காட்டில் பிடித்த லைமான்ட்ரியா டிஸ்பார் என்ற அந்துப்பூச்சியின் புழுக்களில் புது மைக்ரோஸ்போரிடியா (செல்லுக்குள் வளரும் நுண் ஒட்டுண்ணி) இருக்கிறது என்கிறாய். இருக்கலாம். ஆனால் அந்தப் புழுவில் நோசிமா லைமான்ட்ரியே (இப்போது வைரிமோர்ஃபா லைமான்ட்ரியே), வைரிமோர்ஃபா டிஸ்பாரிஸ், எண்டோரெட்டிகுலேட்டஸ் ஷூபெர்கி ஆகிய மைக்ரோஸ்போரிடியாக்கள் முன்பே தெரிந்தவை. ஒரே புழுவில் இரண்டு கலந்திருப்பதும் உண்டு. முதலில் கலப்பைப் பிரி, பெயர் பிறகு.

பட்டுச் சுரப்பி, கொழுப்புத் திசு, நடுக்குடல் மூன்றிலிருந்தும் ஒட்டுண்ணியின் வித்துகளை (ஸ்போர்) தனித்தனியே எடு. சிறு தீனித்துண்டில் ஒரு மைக்ரோலிட்டரில் ஆயிரம் வித்து வைத்து மூன்றாம் பருவப் புழுவுக்குக் கொடு. 24 மணி நேரத்தில் முழுதும் தின்றவற்றை மட்டும் வளர்த்து, இரண்டு வாரம் கழித்து அறு. காட்டு முட்டை வேண்டாம், தாய்வழி நோயோடு வரும். வளர்ப்பு முட்டை என்றாலும், பெப்ரின் என்ற பட்டுப்புழு நோய்க்காகப் பட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில் செய்வதுபோல், இட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்துவிடு. புழுவைத் தாக்கும் வைரஸின் பாலிஹெட்ராவும் (புரதப் படிகங்கள்) வித்துபோல் மினுங்கி ஏமாற்றும். காரக் கரைசல் விட்டால் அது கரையும், வித்து நிற்கும்.

என்னைக் கேட்டால், எந்தத் திசுவில் வளர்கிறது என்பதுதான் முதல் சாட்சி. ஷூபெர்கி நடுக்குடலை விட்டு நகராது. டிஸ்பாரிஸ் கொழுப்புத் திசுவை நிரப்பும். அங்கே இரட்டைக்கரு வித்துகளோடு, ஒரே உறைக்குள் எட்டெட்டாக ஒற்றைக்கரு வித்துகளும் இருக்கும். சில வைரிமோர்ஃபாக்களில் வெப்பம் ஏறினால் இந்த எட்டு வித்துகள் உருவாகாது. அதனால் ஒரே வெப்பநிலையில் வளர்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிவிடாதே. மெத்தனாலில் பதப்படுத்தி ஜீம்சா சாயம் ஏற்றினால் கருக்கள் தெளிவாகத் தெரியும்.

வித்தின் அளவைச் சாயமேற்றாத புது வித்தில் எடு. மெல்லிய அகர் படலத்தில் வைத்தால் மிதந்து ஓடாது. குறைந்தது ஐம்பது வித்து அளக்கவேண்டும். சாயமேற்றிய வித்து சுருங்கியிருக்கும், இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பாதே.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு குளுட்டரால்டிஹைடு, ஆஸ்மியம், பிறகு ஸ்பர் ரெசின் (ஊறி இறுகும் பிசின்). வித்துச் சுவர் கெட்டியானது. ரெசின் ஊற நேரம் தராவிட்டால் வெட்டும்போது வித்து பெயர்ந்து ஓட்டைதான் மிஞ்சும். துருவ இழையின் (வித்துக்குள் சுருண்டிருக்கும் குழாய்) சுற்றுகளை முதிர்ந்த வித்தில் மட்டும் எண்ணு.

டிஎன்ஏவுக்குக் கண்ணாடி மணியோடு குலுக்கித்தான் உடைக்கவேண்டும். சிறு துணையலகு ரைபோசோம் மரபணு மட்டும் போதாது, நெருங்கிய சிற்றினங்களில் வித்தியாசம் மிகக் குறைவு. ஆர்பிபி1 என்ற மரபணுவையும் சேர். ரைபோசோம் மரபணுக்களின் வரிசையையும் பார்: பட்டுப்புழுவின் நோசிமா பாம்பிசிஸில் பெரிய துணையலகு முன்னே நிற்கும், வழக்கத்துக்குத் தலைகீழ். 2020-இல் பேரினங்களை மறுவரையறை செய்தபோது தேனீயின் நோசிமாக்கள்கூட வைரிமோர்ஃபாவுக்குப் போய்விட்டன. பழைய கட்டுரையை நம்பி நோசிமா என்று வைத்துவிடாதே.

பூஞ்சையின் உறவென்றாலும் பெயரிடுவது விலங்கியல் விதித்தொகுப்பின்படிதான். இணையத்தில் மட்டும் வெளியாகிற இதழென்றால் ஸூபேங்க் (விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடு) பதிவு முன்கூட்டியே வேண்டும். பெயருக்கு ஆதாரமான வகைமாதிரிச் சிலைடுகளை அருங்காட்சியகத்தில் சேர். மிச்ச வித்துகளைக் கிளிசராலில் போட்டுத் திரவ நைட்ரஜனில் வை.

நடுக்குடலின் ஜீம்சா படம் மட்டும் உன் மடலில் இல்லை. அதை அனுப்பு, பிறகு பேரினம் பேசுவோம்.

அன்புடன்,
கதிர்