நடந்து போகிற தூரம்

கூசான்வில், பாரிஸ் அருகே
2025 நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், அவர், பிள்ளைகள் எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? அண்ணியும் பாப்பாவும் சுகந்தானே? போனில் பேசினால் ஐந்து நிமிஷத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது, சொல்ல வந்தது நின்றுபோகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணியை உரக்கப் படிக்கச் சொல், அம்மாவும் கேட்கட்டும்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். பெங்களூர்க்காரர் ஒருவர் புதுச்சேரியில் நம் வீட்டைக் கேட்கிறார், இடித்துவிட்டு மூன்று மாடி ஹோம்ஸ்டே கட்டப் போகிறார், புரோக்கர் அட்வான்ஸ் பணத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னாய். "ஒன்றரைக் குழி மனைக்கு இந்த விலை இனிமே வராது, வில்லியனூருக்கு அந்தாண்ட புது நகர்ல இதைவிடப் பெரிய வீடே கட்டலாம்" என்கிறாயே, அந்தக் கணக்கில் தப்பில்லை. தளம் ஒழுகுகிறது, பாப்பாவுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டும், சனி ஞாயிறு ஆனால் பக்கத்து மொட்டை மாடிப் பாட்டுச் சத்தத்தில் அம்மாவால் தூங்க முடியவில்லை. இதையெல்லாம் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன்னால், இந்த இரண்டு வருஷத்தில் எங்களுக்கு நடந்ததை நீ முழுசாகக் கேட்க வேண்டும். போனில் "வீடு மாறிட்டோம், இது பெரிய வீடு" என்று மட்டும்தான் சொன்னேன். மீதியைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

பாரிஸுக்குள் லா சப்பலில் நாங்கள் பதினோரு வருஷம் இருந்தது 32 சதுர மீட்டர் வீடு. ஐந்தாவது மாடி, லிப்ட் கிடையாது. ஆனாலும் இறங்கினால் தெரு முழுக்கத் தமிழ்க் கடை. முருங்கைக்காய், வாழைப்பூ, நெத்திலிக் கருவாடு எல்லாம் கிடைக்கும். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர்கள் ஒவ்வொரு கடையாகப் பிடித்து உண்டாக்கிய இடம் அது. ஆவணியில் மாணிக்கப் பிள்ளையார் தேர் வரும்போது ரோடெல்லாம் தேங்காய்ச் சிதறலாக இருக்கும், வெள்ளைக்காரப் போலீஸ் ஓரமாக நின்று வழிவிடும். அவர் வேலை பார்க்கும் ஓட்டலுக்கு அங்கிருந்து பதினைந்து நிமிஷ நடை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எதிர்ச் சந்தில். சின்னவனுக்குக் காய்ச்சல் என்றால் கீழ்வீட்டுப் பாட்டி, மார்த்தினிக் தீவுக்காரி, பார்த்துக்கொள்வாள்.

2024-இல் ஒலிம்பிக்ஸ் வந்தது. போர்ட் தெ லா சப்பலில் அந்தப் பிப்ரவரியில் பெரிய விளையாட்டு அரங்கம் ஒன்று திறந்தார்கள். ரோட்டோரத்தை அகலப்படுத்தி மரம் வைத்தார்கள். நல்லதுதான் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம், குப்பையும் கஞ்சாவுமாகக் கிடந்த மூலை சுத்தமாவது யாருக்குப் பிடிக்காது? பின்னாலேயே வீட்டுக்காரரிடமிருந்து ரெக்கமாந்தே, அதாவது பதிவுத் தபாலில், கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே சட்டப்படி அனுப்பியிருந்தார். வீட்டை விற்கப் போகிறாராம், குடியிருப்பவர் என்பதால் முதல் உரிமை எங்களுக்குத்தானாம், இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். விலை 2,95,000 யூரோ. அந்தக் காகிதத்தில் ஒரு கடுஞ்சொல் கிடையாது, "மதிப்புக்குரிய ஐயா, அம்மா" என்றுதான் ஆரம்பித்திருந்தது. பாங்க்கில் போய்க் கேட்டோம். அவர் சம்பளச் சீட்டையும் என் சம்பளச் சீட்டையும் பார்த்துவிட்டு அந்தப் பெண் கம்ப்யூட்டரைக்கூட முழுசாகத் திறக்கவில்லை.

இங்கே சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதே. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்காலத்தில் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. 2019 ஜூலையிலிருந்து பாரிஸில் வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. ஊருக்கு ஊர் ஏழைகளுக்கான அஷ்லெம் வீடு இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று 2000-த்தில் போட்ட சட்டம் இருக்கிறது. பணக்கார ஊர்கள் சில அபராதம் கட்டினாலும் கட்டுவோம், அந்த வீடு கட்டமாட்டோம் என்கின்றன. அஷ்லெமுக்கு நாங்கள் எழுதிப் போட்டது 2016-இல். வருஷா வருஷம் புதுப்பிக்கிறோம். நாடு முழுக்க 27 லட்சம் குடும்பத்துக்கு மேல் அந்த வரிசையில் நிற்கிறது. சட்டம் வாடகையைப் பிடித்து நிறுத்துகிறது, விற்பதை நிறுத்துவதில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் நாங்கள் வெளியே வந்தோம், எங்கள் படிக்கட்டில் மட்டும் மூன்று குடும்பம்.

பாரிஸுக்குள் கிடைத்ததெல்லாம் 9 சதுர மீட்டர் அறைதான், அதற்குக் கீழே வாடகைக்கு விடக்கூடாது என்று சட்டம். அந்தக் காலத்தில் வேலைக்காரிகள் படுக்கக் கூரைக்கடியில் கட்டியது. நாலு பேர் எங்கே படுப்பது? கடைசியில் இந்த ஊர் கிடைத்தது. புறநகர் ரயிலில் (RER D) பாரிஸிலிருந்து அரை மணி. அது ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும். வீட்டிலிருந்து பஸ், பிறகு ரயில், பிறகு மெட்ரோ என்று எனக்கு வேலைக்குப் போக ஒன்றேகால் மணி ஆகிறது. விடியற்காலை 4.30-க்கு எழுகிறேன். அவர் அடுப்பங்கரை கழுவி முடிக்க இரவு 12 ஆகிறது, கடைசி ரயிலைத் தவறவிட்டால் இரவு பஸ், வீடு சேர 2.30. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நானும் அவரும் முகம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். இன்றைக்கும் மதியத்துக்கே கிளம்பிப் போய்விட்டார். ரயில் பாஸ் இந்த 2025-இல் ஆளுக்கு மாதம் 88 யூரோ 80 சென்ட், பாதியை முதலாளி தருகிறார் என்றாலும் மிச்சம் நம் கை. வாடகையில் மிஞ்சும் என்று நினைத்தது ஒன்றும் மிஞ்சவில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் இரண்டு நாள் சம்பளத்தை விட்டேன்.

வில்லியனூர் வீடு பெரியது என்கிறாய். இந்த வீடும் பெரியதுதான், 45 சதுர மீட்டர்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டம். நான் சுத்தம் செய்கிற வீடுகள் எல்லாம் டூரிஸ்டுகள் மூன்று நாள், நாலு நாள் தங்கிப் போகிற வீடுகள். படுக்கை விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, வாசலில் பெட்டிக்குள் சாவி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். போன மாதம் ஒரு வீட்டில் உத்தரத்தில் ஒரு இரும்புக் கொக்கி பார்த்தேன். தங்க வந்தவர்களுக்கு அழகாக இருக்கட்டும் என்று அதில் ஒரு செடித் தொட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது தூளி கட்டிய கொக்கி. நம் வீட்டு நடுக்கூடத்தில் இருக்கிறதே, அதே போல. சமையலறை ஓடுகளின் இடுக்கில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை, நானும் தேய்த்துப் பார்த்தேன். எந்தத் தமிழ்க் குடும்பமோ, இப்போது எந்த ரயிலில் எத்தனை மணிக்கு ஏறுகிறதோ. அவர்கள் வீட்டைத் துடைத்துத்தான் நான் சாப்பிடுகிறேன் என்று நினைத்தபோது கை ஓடவில்லை.

பெரியவளுக்குச் சரித்திரப் பாடத்தில் ஓஸ்மான் என்று ஒருவரைப் பற்றி வந்தது. 1853 முதல் 1870 வரை மூன்றாம் நெப்போலியனுக்காகப் பாரிஸை இடித்து, அகல ரோடு போட்டு, இன்றைக்கு எல்லாரும் போட்டோ எடுக்கிற கட்டடங்களைக் கட்ட வைத்தவர். நடுவூரில் இருந்த ஏழை ஜனங்கள் வாடகை கட்ட முடியாமல் ஓரங்களுக்குப் போனார்கள். லா சப்பல் தனிக் கிராமமாக இருந்து 1860-இல்தான் பாரிஸோடு சேர்ந்ததாம். "அம்மா, அப்போ துரத்தப்பட்டவங்க வந்து சேர்ந்த இடத்துலேர்ந்துதான் நம்மளத் துரத்துனாங்களா?" என்று கேட்டாள். பதின்மூன்று வயசுப் பிள்ளை. 1921-இல் பாரிஸில் 29 லட்சம் பேர், இப்போது 21 லட்சம் என்று அவளே புத்தகத்தைக் காட்டினாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்து ஒரு வகுப்பையே மூடிவிட்டார்கள்.

இந்த ஊரில் பழைய கிராமம் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1973 ஜூன் 3 அன்று விமானக் கண்காட்சிக்கு வந்த ரஷ்ய விமானம் ஒன்று இந்த ஊர்மேல் விழுந்து 14 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் சார்ல் தெ கோல் விமான நிலையம் திறந்ததும், இரைச்சல் தாங்காமல் அந்தக் கிராமமே காலியானது. சர்ச் நிற்கிறது, சுற்றிலும் ஜன்னல் அடைத்த வீடுகள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அந்தப் பக்கம் நடந்தால் எனக்கு நம் கடற்கரைதான் ஞாபகம் வருகிறது.

துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு நம் பக்கம் மணல் போனது உனக்குத் தெரியாததா? நான் சிறுமியாக இருந்தபோது கட்டுமரம் ஏற்றி வைத்த இடமெல்லாம் பாறாங்கல். வலை காயப்போட மணலில்லாமல் எத்தனை பேர் ஹார்பர் பக்கம் போனார்கள். இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் திட்டுப் போட்டு மணலைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள், மக்கள் குளித்து விளையாடுகிற வீடியோவை நீதான் அனுப்பினாய். நம் குப்பத்துக்கு வராத மணல் அது. அடுத்தபடி ஜனங்களையும் கிளப்புகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, விலை கொடுத்து, மரியாதையாக.

எதிர்வீட்டு அக்காவை நினைத்துப் பார். நல்ல விலை என்று கொடுத்துவிட்டு வில்லியனூருக்கு அந்தாண்ட போனவள். விடியற்காலை மீன் எடுக்க வர பஸ் இல்லை, ஆட்டோவுக்குக் கொடுத்தால் லாபம் இல்லை, பெரிய மார்க்கெட்டில் முப்பது வருஷம் உட்கார்ந்த இடத்தை வேறு ஆளுக்கு விட்டுவிட்டாள் என்று நீயே சொன்னாய். பணம் என்ன ஆனது? பெரிய வீட்டின் வாசலில் அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

நம் பாட்டி துய்மா வீதியில் தொரை வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். வேலை முடிந்தால் பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சோறு போடுவாள். அப்பா ரோடியர் மில்லுக்குச் சைக்கிளில் போனார், மில் மூடின பிறகும் இந்த வீடு இருந்ததால் நாம் தெருவுக்கு வரவில்லை. நீ சுமை ஆட்டோ ஓட்டுவது மார்க்கெட்டை நம்பி. அண்ணி இட்லிக்கடை வாசல் திண்ணையை நம்பி. அம்மா சர்க்கரை மாத்திரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய் வருகிறாள். புரோக்கர் குழிக்கு இவ்வளவு என்று விலை போடுகிறாரே, இந்த நடைக்கு என்ன விலை போட்டார்? இங்கே நான் ஒவ்வொரு நாளும் இரண்டரை மணி நேரம் கொடுத்து அதைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சரி, சத்தம் தாங்கவில்லை, தளம் ஒழுகுகிறது, அதற்கு என்ன செய்வது என்று கேட்பாய். என் கையெழுத்தும் வேண்டும் என்று புரோக்கர் சொன்னாராமே. விற்பதாக இருந்தால் நான் போடமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. விற்காமல் இருந்தால் என் பங்கு என்று ஒரு ரூபாய் கேட்கமாட்டேன், அதை எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். உங்கள் சந்தில் இன்னும் ஐந்து வீட்டுக்கு அதே ஆள் விலை பேசியிருக்கிறார் இல்லையா? அந்த ஐந்து பேரும் நீயும் ஒருநாள் ஒன்றாக உட்காருங்கள். தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கினால் கடைசி ஆளுக்கு நடுவில் குடியிருக்கவே முடியாது, எங்கள் படிக்கட்டில் அப்படித்தான் ஆனது. பாட்டுச் சத்தத்துக்கும் ஆறு வீடும் சேர்ந்து எழுதிக்கொடுத்தால் கேட்பார்கள்.

பாப்பாவின் காலேஜ் பணத்தில் இந்த வருஷம் பாதி என்னுடையது. தளத்துக்காக 600 யூரோ புதன்கிழமை அனுப்புகிறேன், இது நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகமாக வேலை செய்து சேர்த்தது, அவரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது மழையில் பூச்சு நிற்காது. கார்த்திகை கழியட்டும், பழைய கொத்தனாரையே கூப்பிடு, அவருக்குத்தான் சுண்ணாம்புத் தளம் தெரியும். எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுது. மாசி மகத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டி வருகிறேன். மயிலம் முருகன் வைத்திக்குப்பம் கடலுக்கு வருவதை நம் வீட்டிலிருந்து நடந்து போய் அவர்கள் பார்க்க வேண்டும்.

அம்மாவைக் காலில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல். நடுக்கூடத்துக் கொக்கி துருப்பிடித்திருந்தால் கொத்தனாரைப் பிடுங்கச் சொல்லாதே, அப்படியே இருக்கட்டும்.

உன் தங்கை